‘கல்’ என்றால் எப்போது

எங்கள் அலுவலகத்தில் யாரும் நேராக இணையத்துக்குப் போவதில்லை. மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் எதுவும் தானாக வெளியே எட்டிப் பார்க்காது. ஜன்னலோரம் இருந்த ஒரு பழைய மெஷினிடம்தான் எல்லாம் கேட்கும். அது வெளியே போய், கேட்டதை வாங்கி வந்து கொடுக்கும். வெளியில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு மெஷினைத்தான் தெரியும். அதன் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாது. அதில் ஓடிய மென்பொருளுக்கு ப்ராக்ஸி சர்வர் என்று பெயர்.

கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன், போர்ட் பிளேரில் இணையம் என்பது மழை வந்தால் நின்றுவிடுகிற சமாச்சாரம். ஒருவர் திறந்த பக்கத்தை அந்த மெஷின் தன்னிடமே வைத்திருந்து அடுத்தவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். அதற்காகத்தான் முதலில் வாங்கினார்களாம். கேபிள் வந்த பிறகும் அதை எடுக்கவில்லை. வேலை நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பவர்களைத் தடுக்க அது தேவைப்பட்டது. அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. எங்களுடையது கப்பல் சரக்கு ஏஜென்சி. இங்கே கடை வைத்திருப்பவர்கள் சென்னையிலிருந்து வரவழைக்கும் பொருட்களுக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அந்த இடத்தைப் பதிவு செய்யும் தளம் சென்னைத் தலைமை அலுவலகத்துடையது. கண்டவர்களும் நுழையக் கூடாது என்று, எங்கள் ப்ராக்ஸி வழியாக வருகிறவர்களுக்கு மட்டுமே அது திறக்கும்.

கல்லூரியில் ப்ராக்ஸி என்றால் வேறு. வராத தோழிக்காகக் குரலை மாற்றி "எஸ் மேம்" என்று வருகை கொடுப்பது. நான் யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்காக யாரையும் கொடுக்க விட்டதும் இல்லை. காய்ச்சலோடு போய் உட்கார்ந்து என் பெயருக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். அந்த பெஞ்சுக்கு நான் எங்கிருந்து வந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஆட்கள் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள். அப்பாவும் அம்மாவும் இன்றும் அங்கேதான் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. குடும்பத்தில் முதலில் போனது நான். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து, வீட்டுக்கு வெளியே பேசுகிற வாயும் நான்தான். அப்பாவுக்குத் தோட்டத்து இந்தி வரும், ஆபீஸ் இந்தி வராது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதை அம்மாவிடம் தமிழில் கேட்டு, அம்மா சொல்வதை இந்தியில் திருப்பிச் சொல்வேன். கப்பல் டிக்கெட் கவுன்டரில் அப்பா எனக்குப் பின்னால் நிற்பார். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது என் முகம் மட்டும்தான்.

அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பழைய மெஷின் என்ன செய்கிறது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கும் நான் அப்படித்தான் சொன்னேன்.

"அது என்னா புள்ள, ப்ராக்சி?"

"ஆஸ்பத்திரியில ஒனக்குப் பதிலா நான் பேசுவேன்ல, அதும்மா."

"அதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்றாள் அம்மா.

சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற காண்ட்ராக்ட்தான். ஒவ்வொரு முறை அது முடிகிற மாதமும் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். வருஷக்கணக்காகத் தீவில் இருந்தும் அவருக்கு இந்தி வராது. வராது என்று சொல்லமாட்டார், பேசமாட்டேன் என்பார். இந்திக்காரர் யார் போன் செய்தாலும் ரிசீவரை என் பக்கம் நீட்டுவார். வேலைக்கு விண்ணப்பித்தபோது, தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் இந்திக்குப் பக்கத்தில் 'ஃப்ளூயென்ட்' என்று நான் எழுதியிருந்தேன். அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். என் தமிழையும் விடமாட்டார். "'என்னா'ங்காதம்மா, 'என்ன'ன்னு சொல்லு. கொழும்புலேர்ந்து போன் வந்த மாதிரி இருக்கு" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் மறுபடியும் 'என்னா' என்றே சொல்வேன்.

பழைய மெஷினுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. கடற்காற்று பட்டுப் பட்டுப் பின்பக்கத் தகடு துருவேறி, ஃபேன் ஓடுகிற சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. புது மெஷின் வாங்குவதென்று முடிவானது. ப்ராக்ஸியைப் புதியதற்கு மாற்ற சென்னையிலிருந்து ஓர் ஆளை அனுப்பட்டுமா என்று தலைமை அலுவலகத்தில் கேட்டார்களாம். நானே செய்கிறேன் என்றேன்.

மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். வழக்கமாக உட்காரச் சொல்லமாட்டார்.

"இதெல்லாம் இனிமே சென்னைலேர்ந்தே பாத்துக்கலாம், அங்க எதுக்கு ஒரு ஆளுன்னு கேக்குறாங்கம்மா. நீ மாத்திக் காட்டு. அதுக்கப்புறம் ஒரு கப்பல் புக்கிங் சிக்கல் இல்லாமப் போகட்டும். உன்னப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே லெட்டர் அனுப்புறேன்."

அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. கச்சாலில் ஒரு வீட்டுக்குச் சொன்னால் லயம் முழுவதும் சொன்ன மாதிரி. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள்.

புது மெஷினைக் கொண்டுவந்தவர் போர்ட் பிளேரிலேயே ஷாதிபூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வங்காளிக்காரர். எல்லோருக்கும் அவர் 'தாதா', வங்காளியில் அண்ணன். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் வருவதற்கு முன்பே நான் ப்ராக்ஸி மென்பொருள் இருந்த ஃபோல்டரை முழுசாகப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். யார் எங்கே போகலாம், யாருக்கு எது தடை என்கிற அமைப்பெல்லாம் அதற்குள்தான் இருந்தது. புதியதில் மென்பொருளை நிறுவி, அந்த அமைப்புகளை ஏற்றினேன். மற்ற மேசைகளுக்கு வீடு மாறியதே தெரியக் கூடாது என்பதற்காக, பழைய மெஷினின் ஐ.பி. எண்ணையே புதியதற்கும் கொடுத்தேன். பழையதன் கேபிளைப் பிடுங்கி இதில் செருகினேன். திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. மேசை மேசையாகப் போய்ப் பார்த்தேன். மெயில் வந்தது. செய்தி வந்தது. கிரிக்கெட் வரவில்லை. ஒருவர் "சே" என்றார். அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

எல்லாம் எடுத்தாகிவிட்டதா, கொண்டு போகலாமா என்று தாதா கேட்டார். எடுத்தாயிற்று என்றேன். ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார். ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னேன். பழைய மெஷின் ஆட்டோவில் ஏறிப் போனது. இது நடந்தது புதன்கிழமை.

சென்னைத் தளத்தை அன்றைக்கு நான் திறந்து பார்க்கவில்லை. கப்பல் அறிவித்தால்தான் அதில் எங்களுக்கு வேலை. மற்ற நாளில் அது மூடியே கிடக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம், மறுநாள் பதிவு இருக்கிறதே என்று நானாகத்தான் திறந்தேன். திறக்கவில்லை. உனக்கு அனுமதி இல்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. நான் அப்படி நின்ற கவுன்டர்கள் நினைவுக்கு வந்தன.

தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அந்தத் தளத்துக்குள் நுழைய ஒரு சாவிக் கோப்பு வேண்டும். சென்னையில் எப்போதோ கொடுத்தது. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் அதை ப்ராக்ஸியின் ஃபோல்டரில் வைக்காமல், தன் பெயரிலிருந்த இன்னொரு ஃபோல்டரில் வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. சாவி பழைய மெஷினுக்குள் இருக்கிறது. பழைய மெஷின் ஷாதிபூரில் இருக்கிறது.

படபடப்பைக் குரலில் காட்டிக்கொள்ளாமல் தாதாவுக்குப் போன் செய்தேன். சாவியை விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. அவரிடம் இரண்டு முறை 'எடுத்தாயிற்று' என்றவள் நான். அதனால் சும்மா விசாரிக்கிற மாதிரி கேட்டேன்.

"தாதா, புரானா வாலா ஃபார்மட் கப்?"

பழையதை அழிப்பது எப்போது என்று அர்த்தம். எங்கள் தீவு இந்தியில் வினைச்சொல் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்ளும். வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் சேர்ந்து பேசிப் பேசித் தேய்த்த இந்தி அது.

"கல், மேடம். கல்" என்றார் தாதா. பின்னால் யாரோ வாடிக்கையாளரின் குரல். வைத்துவிட்டார்.

நாளைக்கு.

எனக்கு உயிர் வந்தது. நாளைக்குத்தானே அழிக்கப் போகிறார், காலையில் அவர் கடை திறக்கும்போதே போய் நின்றால் போதும். பென் டிரைவில் சாவியை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகம் வந்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் மேனேஜர் போகும்போது, "நாளைக்குப் புக்கிங்குக்கு எல்லாம் ரெடியாம்மா?" என்று கேட்டார். ரெடி சார் என்றேன். சென்னை அலுவலகத்தில் அப்போது ஆட்கள் இருந்தார்கள். ஒரு போன் செய்திருந்தால் புதுச் சாவி வாங்கியிருக்கலாம். அந்த எண்ணமே வரவில்லை. நாளை என்று ஒன்று கையில் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு?

மறுநாள் நான் குடியிருக்கும் டாலிகஞ்சிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஷாதிபூர் போனேன். ஷட்டர் தூக்குகிற நேரம். பழைய மெஷின் கடை வாசலிலேயே மேசை மேல் இருந்தது. துடைத்திருந்தார்கள். துருவின் மேல் கறுப்பு பெயின்ட் பூசியிருந்தார்கள். விற்பனைக்குத் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைப் புல்வெளி. எங்கள் அலுவலகத்தின் ஒரு கோப்புகூட இல்லை.

ஏன் அழித்தீர்கள், இன்றைக்குத்தானே என்றீர்கள் என்று கேட்டேன். தாதா என்னைப் பார்த்தார். கோபமில்லை. குழப்பம்தான்.

"மேனே தோ போலா, மேடம். கல்."

சொன்னேனே, கல் என்று. வெள்ளிக்கிழமை அவர் சொன்ன கல், வியாழக்கிழமை. நேற்று. எப்போது அழிப்பீர்கள் என்று நான் கேட்டதை, எப்போது அழித்தீர்கள் என்று கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் வேலையை முடித்துவிட்டவர். முடித்த ஆளுக்கு அந்தக் கேள்வி அப்படித்தான் காதில் விழும்.

இந்தியில் நேற்றுக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். இது எனக்குத் தெரியாததா? லயத்தில் நாங்கள் தமிழ் பேசும்போதே நடுவில் கல் வரும். "கல் வாறேன்", "கல் வந்தேன்." வெறும் 'கல்' என்று நிறுத்தினால் அம்மா கரண்டியை ஓங்குவாள். "நேத்தா, நாளைக்கா, ஒழுங்காச் சொல்லு" என்பாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மா கேட்ட அந்தக் கேள்வியை, 'ஃப்ளூயென்ட்' என்று எழுதிக் கொடுத்த நான் கேட்கவில்லை. திரும்பி வரும் ஆட்டோவில் எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சாவி போனதைவிட இது வலித்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சனிக்கிழமை. சென்னையில் சாவி கொடுக்கிற பிரிவுக்கு விடுமுறை. பதிவு சாயங்காலம் முடிகிறது.

மேனேஜரிடம் போய், சென்னைத் தளம் திறக்கவில்லை, சாவி பழைய மெஷினில் இருந்தது, அது அழிக்கப்பட்டுவிட்டது என்று சொன்னேன். மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் கோபம் என் மேல் திரும்பவில்லை. அழிக்கப்பட்டுவிட்டது என்றுதான் நான் சொல்லியிருந்தேன். யார் அழித்தது என்று கேட்டார். கடைக்காரர் என்றேன். மேனேஜர் அங்கேயே நின்றுகொண்டார்.

"போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. யாரக் கேட்டு அழிச்சான்னு கேளு."

போட்டேன். கேட்டேன். தாதா நீளமாகப் பேசினார். குரலில் வருத்தம் இருந்தது. இத்தனை வருஷமாக உங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிறேன், மேடத்திடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் தூக்கினேன், மேடமே போன் செய்து எப்போது என்று கேட்டபோதும் கல் என்று உண்மையைத்தான் சொன்னேன், உள்ளே ஏதோ மிச்சமிருக்கிறது என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார்.

மேனேஜருக்கு அதில் 'மேடம்' என்பது மட்டும்தான் புரிந்தது.

"என்னம்மா சொல்றான்? மன்னிப்புக் கேக்குறானா?"

தாதாவுக்குத் தமிழ் தெரியாது. மேனேஜருக்கு இந்தி தெரியாது. இருவருக்கும் நடுவில் நான் மட்டும்தான் வழி. நான் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேனோ அதுதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். 'மறந்துபோய் அழிச்சிட்டாராம் சார்' என்றால் போதும். அந்தக் கடையின் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும். என் லெட்டர் சென்னைக்குப் போயிருக்கும். இரண்டு பேருமே எதையும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள்.

வாய் வரை வந்தது என்றே சொல்ல வேண்டும். தடுத்தது நல்ல குணம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் நான் டாக்டரிடம் சொன்னதைத்தான் அம்மா மாத்திரையாக விழுங்கினாள். அந்த வயதிலேயே ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொல்ல எனக்குப் பயம். அந்தப் பயம்தான் இப்போதும் வந்தது.

"இல்ல சார். அவரு மேல தப்பில்ல. எப்பன்னு கேட்டதுக்கு 'கல்'ன்னாரு. அவரு நேத்துன்னு சொல்லிருக்காரு. நான் நாளைக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

தாதா போனில் "ஹலோ? ஹலோ?" என்றுகொண்டிருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டு, சிரித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"ஏம்மா, ஃப்ளூயென்ட்டுன்னுல்ல போட்டிருந்த?"

அவ்வளவுதான் சொன்னார். பக்கத்து மேசைகளுக்குக் கேட்டது. பிறகு தனக்குத் தெரிந்த ஒரே இந்தியில், "டீக் ஹை, டீக் ஹை", சரி சரி என்று தாதாவிடம் சொல்லி வைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. காது சூடாக இருந்தது.

அன்று முழுவதும் மேனேஜர் சென்னையில் தனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவரின் வீட்டுக்குப் போன் செய்து, ஒவ்வொரு பதிவாக வாயால் சொல்லி ஏற்ற வைத்தார். நான் பக்கத்தில் நின்று கடைப் பெயரும் மூட்டைக் கணக்கும் எடுத்துக் கொடுத்தேன். பெரிய கடைகளை முதலில் சொன்னார். குமாஸ்தா நடுவில் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் பதிவு மூடிவிட்டது. சின்னக் கடைகளின் மூட்டைகள் கரையில் நின்றன. அடுத்த கப்பல் எப்போது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து சாவி மெயிலில் வந்தது. எடுத்துப் புது மெஷினில் வைத்தேன். தளம் திறந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுக்கும் காரணமான வேலை இவ்வளவுதான். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். இல்லை.

மாதக் கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. காண்ட்ராக்டை நீட்டித்திருப்பதாகச் சொன்னார். பெர்மனென்ட் லெட்டர் விஷயத்தை இப்போது எழுதினால் சென்னையில் அந்தச் சனிக்கிழமையைக் கிளறுவார்களாம். "கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. வேறொருவராக இருந்தால் சென்னை ஆளை அப்போதே வரவழைத்திருப்பார். இதை நான் எனக்கே பல முறை சொல்லிக்கொண்டேன்.

டாலிகஞ்சில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் டீத்தூள் வாங்கப் போனேன். அலமாரியில் அந்த வரிசை காலியாக இருந்தது.

"டீத்தூள் எங்க இருக்குன்னா, சென்னை ஹார்பர்ல வெயில் காயுது" என்றார். "ஒங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இந்தி தெரியலயாம்ல, தங்கச்சி?"

யார் சொன்னது என்று கேட்கவில்லை. போர்ட் பிளேரில் எதையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. "கம்ப்யூட்டருக்குத் தெரியும்ண்ணே, எனக்குத்தான் தெரியல" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தராசைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார். பிறகு, தன் வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கை டீத்தூள் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதைவிடத் திமிராக அன்று எதுவும் இருந்திருக்காது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுப் படியேறும்போது அப்பாவின் போன். கச்சாலில் எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. படகுத் துறைப் பக்கம் வந்து நின்று பேசுவார். பாதி காற்றுதான் கேட்கும். அவர் கேட்டது மட்டும் தெளிவாக வந்தது.

"லெட்டர் வந்துருச்சா புள்ள?"

இதைப் படியில் நின்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கூப்பிட்டு நிதானமாகச் சொல்லலாம் என்று, "கல் பேசுறேம்ப்பா, கல்" என்றேன். அந்தப் பக்கம் கரகரவென்றது. "ஆங்!" என்று ஒரு பெரிய சத்தம். லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிசியைக் களைந்து வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா பேசினாள். யாருடைய போனையோ வாங்கிக்கொண்டு அவளும் துறைக்கு வந்திருந்தாள். அம்மா தனியாகத் துறை வரை வருகிறவள் இல்லை. எடுத்ததும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நேத்தே வந்துருச்சுன்னு சொன்னியாம்ல, லெட்டரு? ஒங்கப்பா கடையில இருந்த முட்டாய் டப்பாவ அப்புடியே தூக்கிட்டு வந்துட்டாரு. லயம் முழுக்கக் குடுத்தாச்சு. தோட்டத்து ஆபீசுக்கும் போய்க் குடுத்துட்டு வந்தாரு. எம்புள்ள பெர்மனென்ட்டுன்னு இந்தியிலயே சொன்னாராம்."

வந்ததா என்று அவர் கேட்டிருக்கிறார். நான் சொன்னதில் 'கல்' மட்டும் கடலைத் தாண்டிப் போயிருக்கிறது. அவருக்கு அது நேற்று. அவர் எதிர்பார்த்திருந்த பதில் அது. தாதாவைப் போலவே, தன் பக்கத்திலிருந்து சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புது மெஷினின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அதற்குச் சத்தமே கிடையாது. இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

"அம்மா, நேத்து வரல" என்றேன்.

"அப்ப நாளைக்கா?"

"நாளைக்கும் இல்லம்மா. ஒரு தப்பு நடந்துருச்சு. வேல போகல. லெட்டர்தான் இப்ப இல்லேங்குறாங்க."

அவள் என்ன தப்பு என்று கேட்கவில்லை. பின்னால் யாரோ வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. அம்மா போனைத் தள்ளிப் பிடித்து, "ஆமா, ஆமா" என்று அவர்களுக்குப் பதில் சொன்னாள். அவளுக்குப் பொய் வராது. அன்றைக்கு வந்தது.

பிறகு போனுக்குள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப எப்பதான் வரும்?"

அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. சுலபமான சொல். எதைக் கேட்டாலும் பொருந்துகிற சொல்.

"தெரியலம்மா" என்றேன்.

"சரி. ஒங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். மத்த ஆளுங்ககிட்ட சொல்ல மாட்டேன். தின்ன முட்டாய எப்புடித் திருப்பிக் கேக்குறது? நீ அந்த லெட்டர வாங்கிரு."

போனுக்குச் சொந்தக்காரர் அவசரப்படுத்தினார் போல. வைத்துவிட்டாள்.